ரோப் காரில் எத்தனை பேர்

“சீட்டுல உட்கார்ந்திருக்கே, அந்தப் பைக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்களாம்மா?”

ரயில் பரிசோதகர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஒட்டீலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து இருக்கையில் வைத்திருந்த முதுகுப்பையைத் தூக்கிக் காலடியில் வைத்தாள்.

“ஏரியே தெரியல பாருங்க, மூடுபனி அப்படிக் கவிஞ்சு கிடக்கு. இந்த அக்டோபர்ல மலையைப் பார்க்கணும்னா தபால் அட்டையிலதான் பார்க்கணும்.”

“நான் மலையைப் பார்க்க வரல.”

அவர் நகர்ந்துவிட்டார்.

பைக்குள் இருந்தது அம்ப்ரோஸ். ஆறு வாரத்துக்கு முன்புவரை அவள் கணவன்; சூரிச்சில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவன். இப்போது மரப்பேழையில் மூன்று கிலோ சாம்பல். “என்னை மேலே ரூட்டிபெர்க்குல கொண்டு போடு, நான் பிறந்த வீட்டுக்குப் பின்னால, மேப்பிள் மரத்தடியில” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டான். சரி என்று சொல்லிவிட்டாள். சொல்வது சுலபம். மேலே அவனுடைய அக்கா கிரெசென்ஸ் அல்லவா இருக்கிறாள்! சாவுச் செய்தி எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது.

மலை மேல் இருக்கும் ரூட்டிபெர்க்குக்குச் சாலை கிடையாது. ரோப் கார் ஒன்றுதான் வழி. நாளை அதை நிறுத்தி வடக்கயிற்றைச் சோதிப்பார்கள். முடிப்பதற்குள் பனி கொட்டிவிடும். இன்றைக்கு விட்டால் மே மாதம்தான்.

ரயிலை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்து மரக்கொட்டகைக்கு வந்தாள். உள்ளே நாலு பேர் உட்காரும் பெட்டி, சுவரில் ஒரு தொலைபேசி. கீழே இருப்பவர் அதில் மேலே கூப்பிட்டுச் சொன்னால்தான் பெட்டி நகரும். மோட்டார் மேலே, பொத்தான் கிரெசென்ஸ் கையில்.

“ரூட்டிபெர்க்.”

“நான் ஒட்டீலியா பேசறேன்.”

மறுமுனையில் ஒரு மாட்டு மணி மட்டும் கேட்டது.

“கிரெசென்ஸ், காதுல விழுதா?”

“விழுது. இருபத்திரண்டு வருஷமா விழாத குரலாச்சே, யாருடான்னு பார்த்தேன். அவன் அனுப்பினானா?”

“அவர் ஆசைப்பட்டார். நான் மேலே வரணும்.”

“ஏன், அவனுக்கு வாயில்லையா? பதினோரு மாட்டையும் படுத்த படுக்கையா கிடந்த அப்பாவையும் என் தலையில கட்டிட்டு டிராம் ஓட்ட ஓடினப்போ வாய் நல்லா இருந்துச்சே.”

“மேலே வந்து சொல்றேன்.”

“வா. மோட்டார் ஊருக்குப் பொது. எனக்குச் சொந்தமா இருந்தா கயித்துல ஒரு ஈ வராது. எத்தனை பேர்?”

“ஒருத்தர்.”

“சரக்கு?”

“மூணு கிலோ.”

“கதவைச் சாத்து.”

பெட்டி ஆடிக்கொண்டே ஏறியது. இரண்டு கை தூரம் தாண்டி எதுவும் தெரியவில்லை. வழியில் இருந்த ஒரே தூணைக் கடக்கும்போது தலைக்கு மேல் சக்கரங்கள் கடகடவென்று குலுங்கின. இன்னும் கொஞ்ச தூரம். பிறகு பெட்டி நின்றது. மூடுபனிக்கு நடுவில், அந்தரத்தில்.

பெட்டிக்குள்ளிருந்த தொலைபேசி அடித்தது.

“இப்போ சொல்லு, பட்டணத்தம்மா. என்ன மூணு கிலோ? சமாதானத்துக்குக் கேக்கு சுட்டுக் கொண்டாந்தியா?”

“இப்படி நடுவானத்துல தொங்கவிட்டுட்டுக் கேக்கறீங்களே!”

“தரையில நிக்கறப்போ நீ உண்மை பேசினதில்லையே. அப்பா செத்த அன்னிக்கு உன்கிட்டதானே போன்ல சொன்னேன்? ‘சொல்லிடறேன்’னே. எப்போ சொன்னே? மறுநாள். அவன் வந்து சேர்றப்போ குழியை மூடியாச்சு.”

“அவர் வண்டியில இருந்தார். நூறு பேரை ஏத்திட்டுப் போறவர்கிட்ட எப்படி...”

“சாயங்காலம் இறங்கினான்ல?”

இறங்கினான். சூப் குடித்தான். மேலே போனால் திரும்பி வரமாட்டான் என்று பயந்து அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

“பையில என்னடி?”

“அம்ப்ரோஸ்.”

காற்றில் பெட்டி லேசாகத் திரும்பியது.

“ஆறு வாரம் ஆச்சு. எழுதினேன். நீங்கதான் பிரிக்காம திருப்பிவிட்டீங்க.”

தொடர்பு அறுந்தது. பெட்டி கால் மணி நேரம் அப்படியே தொங்கியது. பிறகு ஒரு குலுக்கலுடன் பெட்டி நகர்ந்தது. மேலேயா, கீழேயா? நாலு ஜன்னலிலும் அதே வெள்ளை. தலைக்கு மேல் சக்கரங்கள் கடகடத்தன. ஏறும்போது தாண்டிய அதே தூண்.

கீழே.

கொட்டகையில் பெட்டி முட்டி நின்றதும் சுவரில் இருந்த தொலைபேசி அடித்தது. அவள் வெளியே பாய்ந்து எடுத்தாள்.

“ஆத்திரம் தீர்ந்துச்சா? செத்தவர் மேல கூடவா பழி தீர்ப்பீங்க? கூடப் பிறந்தவர்தானே!”

“கத்தாதே. எத்தனை பேர்னு கேட்டேன். என்ன சொன்னே?”

“ஒருத்தர்னேன்.”

“அவனை என்னன்னு சொன்னே?”

ஒட்டீலியா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

“சரக்குன்னே. மூணு கிலோன்னே. எங்கப்பாவையும் அம்மாவையும் இதே பெட்டியிலதான் மாதா கோயிலுக்கு இறக்கினோம். ஆள்னு சொல்லித்தான் இறக்கினோம். இங்க பிறந்தவன் செத்தாலும் ஆள்தான். உருளைக்கிழங்கு மூட்டையா அவன்? அப்படி ஏத்தினா நான் இழுக்க மாட்டேன். இப்போ கேக்கறேன். எத்தனை பேர்?”

பை பெட்டியின் தரையில், ஈரத்தில் கிடந்தது. ரயிலிலும் காலடியில்தான் கிடந்தது. ஒட்டீலியா உள்ளே போய் அதை எடுத்துத் துடைத்து, எதிர் இருக்கையில் நிமிர்த்தி உட்கார வைத்து, வாரை இருக்கைக் கம்பியில் மாட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“ரெண்டு பேர்.”

“கதவைச் சாத்து.”

மேலே கிரெசென்ஸ் தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றாள். கை கொடுக்கவில்லை. பையை மட்டும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“நாலரைக்குக் கடைசி வண்டி. அதுல நீ கிளம்பிடணும்.”

“கிளம்பிடறேன்.”

“காப்பி எல்லாம் கிடையாது.”

“நான் கேக்கல.”

இடம் எதுவென்று ஒட்டீலியா சொல்லவே இல்லை; ஆனால் மேப்பிள் மரத்தடியில் குழி பாதி தோண்டியிருந்தது. மீதியைக் கிரெசென்ஸ் தோண்டினாள். ஒட்டீலியா மண்வெட்டிக்குக் கை நீட்டினாள், அவள் கொடுக்கவில்லை. பேழையை இறக்கிக் குழியை மூடும்போது மட்டும் கிரெசென்ஸ் ஒதுங்கி நின்றாள். ஒட்டீலியா வெறுங்கையால் மண்ணைத் தள்ளினாள்.

நாலரைக்கு ஒட்டீலியா பெட்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். இயந்திர அறை ஜன்னல் வழியாகக் கிரெசென்ஸுக்கு அவள் நன்றாகவே தெரிந்தாள். இருந்தும் கிரெசென்ஸ் தொலைபேசியை எடுத்தாள்.

“எத்தனை பேர்?”

எதிர் இருக்கை காலியாக இருந்தது. ஒட்டீலியா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஒருத்தர்.”