நாலாவது வீட்டுக்காரர்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒன்பது நெசவாளர் வீடுகள் உள்ள ஒரு சந்தில், பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒவ்வொரு கதவிலும் அரக்கு நிறத்தில் ஓர் எண் முளைத்திருந்தது. துடைத்தால் போகவில்லை, பெயிண்ட் அடித்தால் அதற்கும் மேலே வந்து நின்றது. ஒன்று என்றிருந்த வீட்டின் தனசேகரன் அன்று சாயங்காலம் தறியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். அதுவரை அவர் தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை.

எத்தனை பேர் போவார்கள் என்பதுதான் அந்த எண் என்று சந்து முடிவுகட்டியது. தறியில் பாவு நூல் பிணைக்கும் இந்திராணியின் கதவில் ஐந்து. வீட்டிலும் சரியாக ஐந்து பேர். மகள் அபிநயாவை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு வாலாஜாபாத்துக்கு ஓடி வாடகைக்கு வீடு பிடித்தாள். விடிந்தபோது அந்தக் கதவிலும் ஐந்து இருந்தது. வீட்டுக்காரர் மரியாதையாகவே காலிசெய்யச் சொன்னார். சந்துக்கே திரும்பினார்கள்.

அடுத்த வெள்ளியன்று இரண்டாம் எண் வீட்டில் இரண்டு பாடைக்குச் சொல்லிவைத்தார்கள். ஒருவர்தான் போனார். அதற்கடுத்த வெள்ளியன்று மூன்றிலும் ஒருவர்தான்.

"அஞ்சு பேரு இல்லபா. அஞ்சாவதா ஒருத்தரு," என்று இந்திராணி கணவன் முத்துக்குமாரிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் வீட்டுத் தலைகளை எண்ணினாள். ஐந்து பேரில் யார் அந்த ஐந்தாவது? அபிநயாவுக்குப் பதினேழு வயது.

நான்கு என்றிருந்த வீட்டில் பழனி தனியாக இருந்தார். தறி பழுதுபார்ப்பவர், எழுபத்தெட்டு வயது, வாயைத் திறந்தால் வசவு. பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதிய இழையை வரிசை பிசகாமல் முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்திராணிக்கு விஷயம் பிடிபட்டது. "நாலாவத முடிக்காம அஞ்சாவது இழைய எப்படிபா தொடுறது?" என்று முத்துக்குமாரிடம் கேட்டாள். பழனி இருக்கும்வரை அடுத்தவர் முறை வராது.

நான்காம் வெள்ளியன்று பழனிக்குக் காய்ச்சல் கண்டது. சந்தே அவரைச் சுற்றி உட்கார்ந்து கையையும் காலையும் பிடித்துக்கொண்டது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். பயத்தில் யாரும் பிடியை விடவில்லை. சனிக்கிழமை காலை பழனி கண் விழித்து டாக்டரை வைதார். இதயம் மட்டும் திரும்பத் துடிக்கவேயில்லை.

ஆறு ஆண்டுகளாக அங்கே சாவு இல்லை. வீட்டுக்கு ஒரு வேளை என்று அவருக்குச் சாப்பாடு போகிறது. அவர் இருமினால் அத்தனை தறியும் நிற்கும். அடுத்த இருமல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பொங்கலுக்குக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் எண்ணை மட்டும் விட்டுவிட்டு அடிக்கிறார்கள்.

போன மாதம் கஞ்சி ஊட்ட வந்த இந்திராணியின் கையைப் பழனி பிடித்துக்கொண்டார். வையவில்லை. ஆறு ஆண்டில் அதுவே முதல் முறை.

"ஒடம்பெல்லாம் நோவுதுமா. ஆறு வருஷமா நொந்துக்கினே இருக்குது. என்ன வுட்டுடுமா."

வெளியே அபிநயா வேலைக்குக் கிளம்பி வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது.

"வாயத் தொறங்க பெரிப்பா," என்று கரண்டியை நீட்டினாள்.

பழனி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.