கை நனையாத விருந்து

"போனை டிராயர்ல போட்டுட்டியா?"

அண்ணி கேட்டதும் சமையற்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தன் போனை எடுத்துக் கரண்டிகள் கிடக்கும் டிராயருக்குள் வைத்து மூடினாள். மணி ஆறுகூட ஆகவில்லை. மதியம் பதினைந்து பேருக்குச் சாப்பாடு தயாராக வேண்டும்.

"இந்த வருஷமாவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம செய். போன தடவ பாதியில அழுதுகிட்டு ஓடிட்ட. வந்தவங்க முன்னாடி அண்ணனுக்கு எவ்வளவு சங்கடம் தெரியுமா?"

"இந்தத் தடவ ஓட மாட்டேன் அண்ணி. கடைசி வரைக்கும் இருந்துட்டுத்தான் போவேன்."

அண்ணன், அண்ணி என்றுதான் ஒன்பது வருஷமாகக் கூப்பிடுகிறாள். சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பதாகச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வராது. 'நம்ம வீட்டுப் பொண்ணு' என்பார்கள். வீட்டுப் பொண்ணுக்கு லீவு எதற்கு?

அண்ணன் பஸ் டிரைவர்கள் சங்கத்துச் செயலாளர். குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் ஆயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி கேட்பதால் டிரைவர்கள் அவருக்கு 'மைக்' என்று பேர் வைத்திருந்தார்கள். எட்டு மணி நேர வேலைக்காகப் பதினோரு நாள் ஜெயிலில் இருந்தவர். அப்போது தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவள் இவள்தான். அதனால்தான் அவளுக்கு ஆறவில்லை. ஒன்றும் தெரியாதவர் செய்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பாள்.

போன வருஷம், தொழிலாளர் தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் அவரிடம் போய் நின்றாள். தங்கைக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிற்கவில்லை, ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஒரு நாள் லீவு வேண்டும் என்று கேட்டாள்.

"நாளைக்கா? நாளைக்கு என்ன நாள்னு தெரியாதா உனக்கு?" என்றார் அவர்.

மறுநாள் போன் டிராயருக்குள் கிடந்து அடித்தது. கரண்டிகளோடு சேர்ந்து அதிர்ந்தது. "அப்புறம் பேசிக்கலாம், மீன் கருகுது பாரு" என்றாள் அண்ணி. ஏழு தடவை அடித்து ஓய்ந்தது. கடைசி மீனையும் எடுத்து வைத்துவிட்டு டிராயரைத் திறந்தபோது ஏழும் தங்கையின் நம்பர். இவள் திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது தங்கை புருஷன்.

அழுது முடித்த பிறகு அவள் தெருமுனை இஸ்திரிக்காரி ஆரம்பித்திருந்த வீட்டுவேலைக்காரர் சங்கத்தில் பத்தொன்பதாவது ஆளாகச் சேர்ந்தாள். தொழிலாளர் தினமான இன்றைக்கு மற்ற பதினெட்டுப் பேரும் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை.

"நீ மட்டும் ஏன்டி போற?" என்று இஸ்திரிக்காரி நேற்றுக் கேட்டாள்.

"நான் போனாத்தான்க்கா அவர் மாட்டுவாரு."

அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லாததை இப்போது சமைத்துக்கொண்டிருந்தாள். மீனுக்கு மசாலா தடவி ஊறவைத்தாள். கோழியைச் சின்னத் தீயில் விட்டாள். ஒன்பது வருஷத்தில் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைத்ததில்லை.

பதினோரு மணிக்கு டிப்போ மைதானத்து ஒலிபெருக்கிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. வருஷா வருஷம் அண்ணன் சத்தியம் வாங்கிப் பேச்சை முடிக்கிற இடத்துக்காக அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு தொழிலாளிகிட்ட வேலை வாங்குற எவன் வீட்லயும் நான் கை நனைக்க மாட்டேன். கை தூக்கிச் சொல்லுங்க தோழர்களே."

நூறு குரல்கள் திருப்பிச் சொல்லின. அவள் அடுப்பைக் கூட்டினாள்.

ஒரு மணிக்குப் பதினைந்து பேரும் வந்து நீண்ட மேசையில் உட்கார்ந்தார்கள். "வாசனை தெரு முனைக்கே வந்துடுச்சு மைக்கண்ணே, ஸ்டியரிங் தானா இந்தப் பக்கம் திரும்புது" என்றார் தலை நரைத்த டிரைவர் ஒருவர். சிரித்தார்கள். அவள் எல்லாத் தட்டிலும் சோறும் கோழியும் மீனும் வைத்தாள். அப்புறம் உள்ளே போய், சங்கத்து அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து அண்ணனுக்கு எதிரே நின்றாள்.

"ஒரு சந்தேகம்ணே. விடியறதுக்கு முன்னாடி வந்து இது அத்தனையும் நான்தான் செஞ்சேன். இன்னைக்குத்தான் செஞ்சேன். இப்ப நீங்க எல்லாரும் கை நனைக்கலாமா?"

சோற்றுக்குப் போன கைகள் அப்படியே நின்றன.

"என்ன பேசுற நீ? நீ நம்ம வீட்டுப் பொண்ணு. வீட்டுக்குள்ள செய்றதெல்லாம் வேலையா?" என்றார் அண்ணன். முதல் தடவையாக அவர் குரல் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"வீட்டுப் பொண்ணுன்னா போன வருஷம் என் தங்கச்சி சாவுக்கு நீங்க வந்திருக்கணுமே."

"எந்தத் தங்கச்சி?" என்றார் நரைத்த டிரைவர்.

அவள் சொன்னாள். லீவு கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும், டிராயரையும், ஏழு தடவையையும். குரல் உயரவில்லை.

நரைத்தவர் தட்டை முன்னால் தள்ளினார். "போன வருஷம் ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னேனேம்மா" என்று எழுந்தார். ஒவ்வொரு தட்டாக நகர்ந்தது. அண்ணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க சங்கத்துக்காரங்க போன வாரம் ஒரு மனு கொடுத்தோம். வீட்டு வேலை செய்றவங்களுக்கும் இந்த நாள் சம்பளத்தோட லீவு வேணும், டிரைவர் சங்கம் கூட நிக்கணும்னு. அண்ணன் அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னு பீரோ மேல வச்சாரு" என்றாள் சமையற்காரி.

ஒருவர் போய் அதை எடுத்து வந்தார். ஆறிக்கொண்டிருந்த மீனுக்குப் பக்கத்தில் விரித்துப் பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியில் பேனா அண்ணனிடம் வந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் போட்டார். பசியோடே எல்லோரும் படியிறங்கிப் போனார்கள்.

"ஒரு வார்த்தை தனியாச் சொல்லியிருந்தா லீவு கொடுத்திருக்க மாட்டேனா?" என்றார் அண்ணன். "இப்ப திருப்தியா உனக்கு?"

அவள் ஒன்பது வருஷமாகத் துடைத்து மட்டுமே பழகிய மேசையில், அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டாள்.

"செஞ்சவ சாப்பிடலாம். அதுக்கு யாரும் சத்தியம் பண்ணல."

மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. டிப்போவுக்குச் செய்தி போய்விட்டது போல. அவர் கை நீட்டுவதற்குள் அவள் இடது கையால் அதை எடுத்தாள். எழுந்து போய்க் கரண்டி டிராயரிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு, அவருடையதைப் போட்டு மூடினாள். வந்து உட்கார்ந்தாள்.

"கிடக்கட்டும்ணே. அப்புறம் பேசிக்கலாம்."

அது உள்ளே அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. கரண்டிகள் அதிர்ந்தன. அவர் டிராயரைப் பார்த்தபடி நின்றாரே தவிர, ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவள் மென்றுகொண்டே எண்ணினாள்.

ஏழாவது தடவை அடித்து ஓய்ந்ததும் இன்னொரு துண்டு மீன் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.