ஆறேகால் அடி ஆள் தொலைந்தது

கடம்பத்தூர்ப் பக்கத்தில் பரசுராமனைத் தொலைப்பது நடக்காத காரியம். ஆள் ஆறேகால் அடி. நாலு வரப்பு தள்ளி நின்றாலும் தலை தெரியும். அவர் மனைவி குணசுந்தரிக்கோ நாலரை அடி நிறையவில்லை. களை பறிக்கக் குனிந்தால் ஆளே இருக்கமாட்டாள். பயிர் அசைவதைப் பார்த்துத்தான் அவர் கண்டுபிடிப்பார். இருபத்தெட்டு வருடமாக அவள் மேலே பார்ப்பாள், அவர் கீழே பார்ப்பார்.

நெல் காயப்போடத் தார்ப்பாய் வாங்க இருவரும் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். பாரிமுனையில் கட்டடங்கள் மலை மலையாக நின்றன. அவற்றின் அடியில் கடைகள் கோழிக்கூண்டு அளவில் இருந்தன. ஒரு கடையில் பித்தான் மட்டும் விற்றார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். அப்படி ஒருவர் வந்து ஒருவர் போவதைக் குணசுந்தரி நின்று பார்த்தாள். திரும்பினால் பரசுராமனைக் காணோம்.

வீட்டுக்கு ஒரே செல்போன். அது அவள் பையில் இருந்தது. அவருக்கு நம்பரும் தெரியாது. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, தன் நம்பருக்குத் தானே யார் போன் பண்ணுவார்கள்?

பூக்காரியிடம் போனாள். "யக்கா, உயரமா ஒருத்தரு இந்தாண்ட போனாரா?"

பூக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்ன வெச்சுப் பாத்தா இங்க எல்லாருமே உயரந்தாம்மே."

உண்மைதான். ஊரில் அவ்வளவு பெரிதாக இருந்த மனுஷன் இங்கே ஒரு விளக்குக் கம்பத்தில் பாதிகூட வரமாட்டார். அவளுக்குத் தெரிந்தது மேலே தேடுவதுதான். சும்மா நின்ற மூட்டை வண்டியில் ஏறி நின்றாள்.

"ஏம்மா, இன்னிக்கு சரக்கே நீதானா?" என்றார் வண்டிக்காரர்.

"ஊட்டுக்காரரக் காணோம்ணா. கொஞ்சம் பொறு."

"பாரு, பாரு. வுழுந்துடாத."

கால் மணி நேரம் பார்த்தாள். ஆயிரம் தலை போயின, உயரமாக ஒன்றுமில்லை. அப்போது வண்டியை ஒட்டி ஒரு ஆள் இரண்டாக மடிந்து, இடுப்பு உயரத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். உச்சந்தலையில் சின்னத் தோசை அளவு வழுக்கை. யாரோ பாவம் என்று நினைத்தாள்.

"இன்னாபா, சில்லற கொட்டிட்டியா?" என்று ஒருவன் அவரைக் கேட்டான்.

"பொண்டாட்டி" என்றார் அவர்.

குரல் தெரிந்த குரல். "யோவ்!" என்று கத்தினாள்.

அவர் இன்னும் குனிந்து வண்டிச் சக்கரத்துக்கு அடியில் பார்த்தார்.

"மேல பாருய்யா!"

பரசுராமன் நிமிர்ந்தார். அண்ணாந்து அவளைப் பார்த்துப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் பிடித்தது.

"அங்க இன்னாமே பண்ற? எவ்ளோ நேரமா கீழ தேடிக்கினு கீறேன்!"

"நான் மேல தேடிக்கினு இருந்தேன். ஏன்யா, தலைல இவ்ளோ பெரிய வழுக்க கீது, ஒரு வார்த்த சொல்லல?"

பரசுராமன் உச்சியைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றார்.