பூஜையில் வைத்த அறுபத்து நான்கு மிஷின்கள்

1996ஆம் ஆண்டு விஜயதசமி அன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்திலிருந்து தேவசகாயம் தொட்ட மிஷின்கள் எல்லாம் நின்றுபோயின. முதலில் நின்றது செங்கல்பட்டு போகும் டவுன் பஸ். கம்பியைப் பிடித்து ஏறினார், இன்ஜின் அடங்கியது. அவர் இறங்கிப் பத்தடி தள்ளிப் போன பிறகுதான் மறுபடி கிளம்பியது. வீட்டில் ஃபேன் நின்றது, மிக்சி நின்றது, பக்கத்து வீட்டுத் தையல் மிஷினும் நின்றது. இரண்டு நாள் ஆச்சரியப்பட்ட ஆலந்தாங்கல், மூன்றாம் நாள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

அந்த ஊருக்கு ஆச்சரியம் புதிதல்ல. செங்கல்பட்டுக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய வானம் பார்த்த பூமியாகக் கிடந்த இடம் அது. தேவசகாயத்தின் அப்பா அங்கே அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். அந்த நிலத்தில் தொழிற்பேட்டை வந்தது, அப்பா உழுத அதே இடத்தில் மகன் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். 1992க்குள் நூற்றுப்பன்னிரண்டு ஷெட்டுகள், இரண்டு சினிமா கொட்டகை, நாற்பது டீக்கடை. கம்பெனிகள் மூன்று ஷிஃப்ட் ஓடியதால் சங்கு ஊதியதும் ஊர்க் கோழிகளும் மூன்று ஷிஃப்ட் முட்டையிட்டன. சுவர்களில் இரும்புத் தூள் படிந்து, போகிறவர்களின் சட்டைப் பையில் இருந்த சாவிக்கொத்தையும் சில்லறையையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சம்பள நாளில் யாரும் சுவரோரம் நடக்க மாட்டார்கள். ஊருக்கே ஒரு கெத்து இருந்தது, அதை மறைக்க யாரும் முயலவில்லை.

இருந்த கம்பெனிகளில் பெரியது தேவசகாயம் வேலை பார்த்த பம்பு கம்பெனி. அறுபத்து நான்கு மிஷின்கள். ஆயுத பூஜைக்கு அத்தனையையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் செருகி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. விஜயதசமி காலை எட்டு பத்துக்கு முதல் லேத்தின் பச்சை பட்டனை அமுக்குவது தேவசகாயம். ஒரு வருஷம் முதலாளியின் மைத்துனர் அமுக்கிப் பெல்ட் அறுந்தது. அடுத்த வருஷம் அவசரத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள், ஆர்டர் கொட்டியது. அதிலிருந்து கைராசிக்காரர் ஆகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகர் இதைப் பற்றிக் கேட்டபோது, “ஐயரே, கும்புடுறது அவுங்க. நான் பட்டனத்தான அமுக்குறேன்” என்றார். போதகருக்கும் அது நியாயமாகவே பட்டது.

கம்பெனியை மூட முதலாளி ஒரு வருஷமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். ஆனால் மனுஷன் பக்திமான். ஓடுகிற மிஷினை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. அவை தாமாகவே ஓய்ந்திருக்கும் ஒரே நாளுக்காகக் காத்திருந்து, பூஜையில் விழுந்து எழுந்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு கேட்டில் பூட்டும் நோட்டீசும் போட்டார். செய்த தப்பு அதுதான். பூஜையில் வைத்ததை எடுக்காமலேயே பூட்டிவிட்டார். எட்டு பத்துக்கு தேவசகாயம் வெளியே, கேட் கம்பிக்கு இந்தப் பக்கம், ஆள்காட்டி விரலை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார்.

பிறகு மற்ற ஷெட்டுகளும் ஒவ்வொன்றாக மூடின. இரும்பு விலை, கரண்ட் கட்டு, வெளிநாட்டுச் சரக்கு என்று பேப்பரில் என்னென்னவோ எழுதினார்கள். ஊர் பேப்பரை நம்பவில்லை. வேலை கேட்டு தேவசகாயம் ஏழு ஷெட்டில் மிஷினைத் தொட்டுப் பார்த்தார், அந்த ஏழும் ஒரே வருஷத்தில் மூடின என்பதுதான் ஊரின் கணக்கு. அவர் எட்டிக்கூடப் பார்க்காத நூறு ஷெட்டுகளும் மூடின என்பதை யாரும் பேசவில்லை. அவருக்கு அது வலித்தது. கோழிகள் ஒரு ஷிஃப்டுக்கு இறங்கின. சினிமா கொட்டகை ஒன்று கல்யாண மண்டபமாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது.

மிஷின் இல்லாத வேலையாகத் தேடி அவர் கடற்கரைப் பக்கம் போனார். சைக்கிளுக்கு மட்டும் அவர் மேல் கோபமில்லை. மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் உளி பிடித்தார். பட்டறைக்குக் கரண்டில் ஓடும் கிரைண்டர் வந்ததும் கும்பிடு போட்டு அனுப்பினார்கள். கடப்பாக்கத்தில் மீன் பிடிக்கப் போனார். கரையிலிருந்து இரண்டு மைலில் படகு இன்ஜின் நின்றது, துடுப்பு போட்டுத் திரும்பினார்கள். பரீட்சை நேரத்தில் திருவிழா ஒலிபெருக்கியை நிறுத்த மட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மகள் ஜெனிஃபர் கல்யாணமாகிப் படூரில் ஏழாவது மாடிக்குக் குடிபோனபோது, லிஃப்ட் அருகே போகப் பயந்து படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இப்படியே பதினோரு வருஷம் போனது.

2007இல் ஜெனிஃபருக்கு எட்டாம் மாதமே குழந்தை பிறந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தேவசகாயம் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரம் நின்றார். மனைவி மேரி ரோட்டைத் தாண்டி வந்தாள்.

“எம்மாந்தூண்டு கீது தெரியுமா? ரெண்டு கைல அடங்கிரும்.”

“மூக்கு என்னுதா?”

“கண்ணே தெறக்கல, நீ மூக்க கேக்குற. அந்தப் பொட்டி கரண்டுல ஓடிகினு கீது. நீ இங்கியே நில்லு, ஒனக்குப் புண்ணியமா போவும்.”

அவர் இன்னும் பத்தடி தள்ளி நின்றார். அன்று டீக்கடைக்காரர் பார்க்கும்படியே அழுதார்.

அதே வாரம்தான் கோர்ட்டு வழக்கு முடிந்து பம்பு கம்பெனி ஏலம் போனது. எடுத்தவர் தனகோடி, பழைய இரும்பு வியாபாரி. கேட்டைத் திறந்தால் எலுமிச்சம்பழம் வாடவில்லை, சந்தனம் ஈரமாக இருந்தது. கேஸ் கட்டர் பற்றவில்லை. கிரேன் கொக்கி மூன்று முறை நழுவியது. பதினோரு வருஷமாகக் காவல் இருந்த வாட்ச்மேன் தர்மராஜ், “பூஜைல கீது சார். இன்னும் எடுக்கல” என்றார். தனகோடி தொழில் தெரிந்தவர். அடுத்த கேள்வியாக யார் எடுக்க வேண்டும் என்றுதான் கேட்டார்.

தேவசகாயம் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பட்டனை அமுக்கினால் பூஜை முடியும், கை சரியாகும். பூஜை முடிந்தால் தன் லேத்தைத் துண்டு துண்டாக அறுப்பார்கள். இரண்டும் அவருக்குத் தெரியும். லேத்தின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். “மன்னிச்சிக்கமா, பேரப்புள்ள காத்துகினு கீது” என்று அதனிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஜெபித்துவிட்டு பச்சை பட்டனை அமுக்கினார். கம்பெனிக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வெட்டிப் பத்து வருஷமாகிறது. லேத் ஓடியது. வரிசையாக அறுபத்து நான்கும் ஓடின.

“சரி, நிறுத்து. அறுக்கணும்” என்றார் தனகோடி.

தேவசகாயம் சிவப்பு பட்டனை அமுக்கினார். உள்ளங்கையை வைத்தார். இரண்டு கையையும் வைத்தார். “அண்ணாத்த, நிக்க மாட்டேங்குது” என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது.

ஓடுகிற மிஷினை அறுக்க முடியாது. தனகோடி நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இங்கே லேத் வேலை செய்து தரப்படும் என்று ஒரு போர்டு மாட்டினார். மாதக் கடைசியில் பழைய ஆட்கள் நாற்பது பேர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மின்சார ஆபீசிலிருந்து வந்தவர்கள் ஓடாத மீட்டரைப் பார்த்து, மீட்டர் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். எதிரில் இரண்டு ஷெட்டுகள் திறந்தன. மற்றவையும் திறக்கும் என்கிறார்கள், பார்க்கலாம்.

தேவசகாயம் இதற்கெல்லாம் அங்கே நிற்கவில்லை. சைக்கிளைப் போட்டது போட்டபடி ரோட்டுக்கு வந்து டவுன் பஸ்ஸில் ஏறினார். பஸ் போனது. ஆஸ்பத்திரியில் மேரி தடுப்பதற்குள் கண்ணாடிப் பெட்டி வரை போய்விட்டார். மேரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவர் பெட்டியின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

“பெரியவரே, கையப் பாருங்க, ஒரே கிரீசு” என்று அதட்டினாள் நர்ஸ் சியாமளா. “போய் சோப்பு போட்டுக் கழுவிகினு வாங்க.”

அவர் மூன்று முறை கழுவிக்கொண்டு வந்தார். சியாமளா பெட்டியின் சின்னக் கதவைத் திறந்துவிட்டாள். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது என்று சியாமளா இரண்டு முறை சொன்னாள்.