பட்டியலில் நாலாவது பெயர்

கார்த்திகை பாதி கழிந்தால் மங்கலத்தின் வீட்டுக் கூடம் சிவப்பும் பச்சையுமாக மாறிவிடும். மற்ற மாதங்களில் பழவங்காடிப் பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறவள், கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஃபெல்ட் துணியை வாங்கி வைத்துக்கொண்டு நட்சத்திரம், மணி, பஞ்சு அடைத்த மான்குட்டி, பரிசு போட்டுத் தொங்கவிடும் பெரிய காலுறை என்று இறங்கிவிடுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அடுத்த தெரு நர்ஸ் ஒருத்திக்காகத் தைத்ததில் ஆரம்பித்தது. இப்போது முகம் தெரியாதவர்கள்கூட வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்.

"குத்துவிளக்குக்கு முன்னாலே தாடிக்காரரை உக்கார வச்சிருக்கா பாத்தியளா" என்று அவள் கணவர் பூதலிங்கம் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவருக்குப் பிள்ளையார் கோயில் முக்கில் தேங்காய்க் கடை. சபரிமலை சீசன் தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வருவது சாப்பிட மட்டும்தான்.

அந்த வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் நகரத்தின் மறு கோடியிலுள்ள கழக்கூட்டத்திலிருந்து லில்லிக்குட்டி டீச்சர் என்று ஒரு அம்மாள் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். துபாயிலிருந்து மகன் குடும்பம் வருகிறது, பெயர் தைத்த காலுறை நாலு வேண்டும் என்றாள். சற்று நேரத்தில், ஒரு தாளில் மலையாளத்தில் எழுதிய பெயர்களைப் படம் எடுத்து அனுப்பினாள். ஜோஜி, ஷைனி, அபின். நாலாவதாக, ரேஷ்மி.

மங்கலம் முதலில் சிரித்தாள். அவளுடைய ஒரே மகளின் பெயரும் ரேஷ்மிதான். அவளும் அந்தக் கழக்கூட்டத்திலேதான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி மூன்று வருஷம். கணவன் வினீத்தோடு ஒரு ஃப்ளாட்டில் வாடகைக்கு இருக்கிறாள்.

சிரித்தபடியே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எழுத்து தெரிந்த எழுத்தாக இருந்தது. 'மி'யின் கொக்கியை மேலே இழுத்து ஒரு சுருள் சுருட்டிவிடுவது அவள் மகளின் பழக்கம். எட்டாம் கிளாஸில் அதற்காக அடி வாங்கியும் விடவில்லை.

உடனே மகளைக் கூப்பிட்டாள்.

"எங்கே இருக்கே மக்களே?"

"வீட்டிலேதாம்மா. வர்க் ஃப்ரம் ஹோம்."

"வினீத்?"

"ஆபீஸ் போயாச்சு. எந்தா விசேஷம்?"

"ஒண்ணுமில்லே, சும்மாதான்."

கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிட்டாள். என்னவென்று கேட்பது? ஒரு கொக்கியை வைத்துக்கொண்டு என்ன கேட்க முடியும்?

மத்தியானம் சாப்பிட வந்த பூதலிங்கத்திடம் படத்தைக் காட்டினாள். அவர் மோர் ஊற்றிக்கொண்டே, "ஊருலே ஒரே ஒரு ரேஷ்மிதானா இருக்கா? சவத்தை விட்டுட்டு தச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஜோஜியும் ஷைனியும் அபினும் இரண்டு நாளில் தயாராகிவிட்டார்கள். நாலாவது காலுறையில் கை ஓடவில்லை. 'ரே' தைப்பாள், கோணலாகத் தெரியும், பிரிப்பாள். மூன்று தடவை பிரித்ததில் துணியில் ஊசித்துளை விழுந்துவிட்டது. மகள் டீச்சருடைய பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாளோ? பேரன் துபாயில் அல்லவா இருக்கிறான். வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிட்டாளோ? போன மாதம் ஆயில்யத்துக்கு நாகராஜா கோயிலுக்குக்கூட வந்தாளே. ஒன்றை நினைத்தால் இன்னொன்று இடித்தது.

கடைசியில் டீச்சருக்கே ஃபோன் செய்தாள். "அளவு தெரியணும் டீச்சர். இந்த ரேஷ்மி சின்னக் குட்டியா, பெரியவளா?"

"சின்னதொண்ணும் அல்ல கேட்டோ. நம்ம மாடி முறியிலே வாடகைக்குத் தாமசிக்கிற குட்டியாணு. ஒத்தைக்காணு, பாவம். அவளுக்கும் ஒண்ணு இருக்கட்டேன்னு நினைச்சேன்."

ஒத்தைக்கு. மங்கலத்துக்கு அப்பாடா என்றிருந்தது. தனியாக இருக்கிறவள் வேறு யாரோ. தன் மகள் கணவனோடு அல்லவா இருக்கிறாள். அந்த நிம்மதி அரிசி களைகிற நேரம்கூட நிற்கவில்லை. மறுபடி படத்தைத் திறந்து அந்தக் கொக்கியைப் பார்த்தாள்.

வினீத்துக்கு ஃபோன் போட்டாள். எடுக்கவில்லை. 'மீட்டிங்கில் இருக்கேன் அத்தை, பிறகு விளிக்கேன்' என்று செய்தி வந்தது. அன்றும் கூப்பிடவில்லை, மறுநாளும் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில், பிரித்த இடத்தை மறைக்க ஒரு பச்சை இலையை ஒட்டித் தைத்து, நாலாவது காலுறையை ஒரு வழியாக முடித்தாள். எப்போதும் ஆட்டோவில் கொடுத்தனுப்புகிறவள், அன்று நாலையும் பையில் போட்டுக்கொண்டு கிழக்கே கோட்டை ஸ்டாண்டில் தானே பஸ் ஏறினாள். உள்ளூர் ஜங்ஷன் நெரிசலுக்குப் பெயர் பெற்றது, பஸ் ஊர்ந்தது. தன் ரேஷ்மியாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இல்லாவிட்டால் அந்த எழுத்து யாருடையது என்று அடுத்த நிமிஷம் தன்னையே கேட்டாள்.

டீச்சர் வீடு ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. போர்ட்டிகோவில் காகித நட்சத்திரம். தரையில் வைக்கோலும் சுள்ளியும் பரத்திக் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்கூடு கட்டிக்கொண்டிருந்த டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்து, "ஐயோ, எத்ர பங்கி!" என்று அழகை வியந்து கன்னத்தில் கை வைத்தாள். நாலாவதைத் தூக்கிப் பிடித்து மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"ரேஷ்மீ! இங்கோட்டு வந்நே!"

செருப்புச் சத்தம் கேட்டது. நைட்டியும் தலையில் சுற்றிய துவர்த்துத் துண்டுமாக இறங்கி வந்தவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

"அம்மா."

டீச்சர் இவளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "அம்மயோ? நீ தையல்காரின்னு அல்லே பறஞ்ஞே?" என்று கேட்டுவிட்டு, "ஞான் சாயா எடுக்கட்டே" என்று உள்ளே போய்விட்டாள்.

மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். மங்கலம் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆகஸ்ட்லேருந்து."

"ஓணத்துக்கு ரெண்டு பேரும் ஒரே கார்லே வந்தியளே! போளியும் பாயசமும் ரெண்டாவது வாங்கிச் சாப்பிட்டானே அவன்!"

"ஜங்ஷன்லே நின்னேன். அங்கேருந்து கூட ஏத்திக்கிட்டு வந்தாரு."

அன்றைக்கு அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்துக் கண்பட்டுவிடும் என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டவள் மங்கலம்.

"அடிச்சானா?"

"இல்லேம்மா."

"குடியா? வேற யாராவதா?"

"அதெல்லாம் இல்லே. நல்ல மனுஷன்தான்."

"பின்னே என்னத்துக்குடி?"

ரேஷ்மி துவர்த்தை அவிழ்த்து மடித்தாள். "வேலை முடிஞ்சு வந்தா கீழே பார்க்கிங்கிலே அரை மணிக்கூர் வண்டிக்குள்ளேயே இருப்பேன். மேலே போக மனசு வராது. ஒருநாள் இறங்கிப் பாத்தா ரெண்டு வண்டி தள்ளி அவரும் அதே மாதிரி உக்காந்திருக்காரு. அன்னைக்குத்தான் பேசினோம். ஒரு சண்டை வழக்கும் இல்லேம்மா. அதனாலேதான் உன்கிட்டே எப்படிச் சொல்லன்னு தெரியலே."

சண்டை வழக்கு ஏதாவது இருந்தால் மங்கலத்துக்கும் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். யாரையாவது திட்டலாம், பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்ப் பேசலாம். இதை எந்த முனையில் பிடிப்பது? திட்டவேண்டிய ஆள் யார் என்றே தெரியாமல் அவள் மகளைத்தான் திட்டினாள்.

"ஊருக்காரிகிட்டே சொல்லத் தெரிஞ்சுது, பெத்தவகிட்டே சொல்ல நாக்கு வரலியா?"

"டீச்சர் ஒண்ணும் கேக்கலேம்மா. நானும் சொல்லலே."

"என் நம்பரை யாரு குடுத்தா?"

"நான்தான். நல்லா தைக்கிற ஒரு அம்மான்னு சொன்னேன். டீச்சருக்குக் கண்ணாடி காணலே, என்னை எழுதச் சொன்னாங்க. உன் பேரும் எழுதுன்னாங்க. எழுதினேன்."

"எனக்குத் தெரியட்டும்னா எழுதினே?"

ரேஷ்மி மடித்த துவர்த்தை மறுபடி பிரித்தாள். "தெரியலே. நீ கண்டுபிடிச்சுடக்கூடாதுன்னும் இருந்துச்சு. எப்போ கண்டுபிடிப்பேன்னும் இருந்துச்சு. நீ ஃபோன் பண்ணினப்போ கேட்டுடுவேன்னு நினைச்சேன். நீ கேக்கலே."

டீச்சர் டீயும் பிளம் கேக்கும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு நிற்காமல் போனாள். மங்கலம் டீயை மட்டும் குடித்தாள். பிறகு கேக்கையும் ஏன் தின்றோம் என்று தெரியாமல் தின்றாள்.

"அப்பாகிட்டே நான் சொல்லமாட்டேன்" என்றாள் கடைசியில். "எனக்கே விளங்காததை நான் எப்படிச் சொல்ல? நைட்டியை மாத்து. நீயே வந்து சொல்லு."

ரேஷ்மி மறுக்கவில்லை. அதுவும் மங்கலத்துக்கு விளங்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் ஜங்ஷனுக்கும் பட்டம் ஜங்ஷனுக்கும் நடுவில் மங்கலம் மெதுவாகக் கேட்டாள். "திரும்பிப் போவியா?"

"தெரியலேம்மா."

போவேன் என்றால் சந்தோஷப்பட்டிருப்போமா, போகமாட்டேன் என்றால் அழுதிருப்போமா என்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மகளின் ஈரத்தலை தோளில் சாய்ந்தபோது நகர்த்தவில்லை.

பழவங்காடியில் இறங்கியபோது மூன்று பஸ் நிறைய ஐயப்ப சாமிகள் வந்து நின்றிருந்தார்கள். கடையைச் சுற்றிக் கருப்பு வேட்டிக் கூட்டம். மகளைப் பார்த்ததும் பூதலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

"எப்ப வந்தே மக்களே? மாப்பிள்ளை வரலியா?"

ரேஷ்மி வாயைத் திறப்பதற்குள் ஒரு சாமி அவசரமாகக் கை நீட்டினார். பூதலிங்கம் தேங்காய் எடுக்கத் திரும்பினார். ரேஷ்மி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்று சாக்கிலிருந்து தேங்காய்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். கோயில் முன்னால் தேங்காய்கள் சிதறுகிற சத்தம் விடாமல் கேட்டது. மங்கலம் கடை ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கூட்டம் சீக்கிரம் கலையவேண்டும் என்றும், இன்னும் இரண்டு பஸ் வந்தால் நல்லது என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தது. பூதலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டேனே" என்றார்.

"அப்பா, கொஞ்சம் உக்காருங்க" என்றாள் ரேஷ்மி. அவர் ஒன்றும் புரியாமல் மங்கலத்தைப் பார்த்தார். மங்கலம் ஸ்டூலை விட்டு எழுந்து அவரிடம் நகர்த்தினாள்.