மேல் வரிசைப் பெயர்

நினைவுச்சின்னத்தின் மேற்பார்வையாளரை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் சொல்வார்கள். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கு வேண்டும் அது? புல்தரையில் கால் வைத்தால் விசில், நடுவில் இருக்கும் பெரிய நங்கூரத்தின்மேல் ஏறினால் விசில், சுவரில் பதித்த பித்தளைத் தகடுகளைத் தொட்டால் மூச்சு முட்டுகிறவரைக்கும் விசில். போரில் கப்பலோடு மூழ்கிப்போன மாலுமிகளின் பெயர்கள் அந்தத் தகடுகளில் புடைத்த எழுத்துகளாக நின்றன. அவர்களில் ஒருவருக்கும் கல்லறை கிடையாது. அதனால் வருகிறவர்கள் எழுத்தையாவது தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்கள். விசில் விடமாட்டார்.

தகடுகளைத் தொட உரிமை பெற்ற ஒரே ஆள், அங்கே துடைக்கும் வேலை பார்த்த அவள்தான், அதுவும் துணி வழியாக. புருஷன் கப்பலோடு போனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை அது. காலையில் ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டு, ஏறி, மேல் வரிசையிலிருந்து பாலிஷ் போட ஆரம்பிப்பாள். மேல் வரிசையில் அவள் புருஷனின் பெயரும் உண்டு. மற்றப் பெயர்களைப் போல அதையும் துடைப்பாள். கை பாட்டுக்குக் கை வேலை செய்யும். மனசு பாட்டுக்கு மனசு, வீட்டுக் குழாயின் ஒழுகல், செருப்பின் அறுந்த வார், பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்று எதையாவது நினைத்துக்கொண்டிருக்கும். துக்கம் மட்டும் வராது. வந்தால் உட்கார வைத்துப் பேசலாம் என்றுகூட ஒரு காலத்தில் காத்திருந்தாள். வரவில்லை, விட்டுவிட்டாள்.

செய்தி வந்த அன்று அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சீருடை போட்ட இரண்டு பேர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தலையாட்டினாள். பிறகு மிச்சத் துணியை அலசி, பிழிந்து, மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டாள். அதில் அவனுடைய சட்டையும் இருந்தது. சுருக்கம் போக நன்றாக உதறித்தான் போட்டாள். கீழே மாமியார் தரையில் விழுந்து புரண்டுகொண்டிருந்தாள்.

அந்த உதறலை மாமியார் மன்னிக்கவே இல்லை. “என் பிள்ளை செத்த சேதி வந்திருக்கு, இவ கொடி கட்டித் துணி காயப்போடறா” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அது ஊர் முழுக்கச் சுற்றி, கல்நெஞ்சுக்காரி என்ற பட்டத்தோடு அவளிடமே திரும்பி வந்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, உண்மையாகத்தான் இருக்கும் என்று அவளே நம்பிவிட்டாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். “சாப்பாடு எடுத்து வச்சிருக்கு”, “கதவைச் சாத்திடு”, இவ்வளவுதான் பேச்சு.

மாமியார் வெள்ளிக்கிழமைதோறும் நினைவுச்சின்னத்துக்கு வருவாள். மகனின் தகட்டுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். ஸ்டூலில் நிற்கும் மருமகளைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். கழுத்து வலித்ததும் போய்விடுவாள்.

ஆண்டு அஞ்சலி நெருங்கியபோது, அலுவலகத்திலிருந்து படம் எடுக்க ஒருவர் வந்தார். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு தகடாகப் படம் எடுத்தவர், மேல் வரிசையில் நின்றுவிட்டார்.

“இந்த ஒரு பேரு மட்டும் மழுங்கிப் போயிருக்கே? எழுத்தே தெரியல. யாரோ தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்திருக்காங்க. தகட்டையே மாத்தணும்.”

விசிலுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. தன் விசிலுக்குத் தப்பி ஒருவர் தகட்டைத் தொட்டிருக்கிறார் என்றால் அப்புறம் அந்த விசில் எதற்கு? அது யாருடைய பெயர் என்று பட்டியலில் பார்த்தார், புரிந்துவிட்டது. அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன் மாமியார் வேலைதாம்மா இது. வாராவாரம் அங்கேயேதானே நிக்கறாங்க? நான் அந்தப் பக்கம் திரும்பற நேரம் பார்த்து உன் ஸ்டூல்ல ஏறியிருப்பாங்க. நீயே கேட்டுடு. அவங்கதான்னா, இனிமே கேட்டுக்குள்ள விட முடியாது. எனக்கும் மேல பதில் சொல்லணும்ல?”

அவளுக்குக் கோபமும் வரவில்லை, பாவமாகவும் இல்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. கிழவிக்கு இந்தச் சுவரைத் தவிர வேறு போக்கிடம் கிடையாது. இதையும் மூடிவிட்டால் வெள்ளிக்கிழமையில் எங்கே போய் நிற்பாள்?

வெள்ளிக்கிழமை மாமியார் வந்து நின்றதும், அவள் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடியே கேட்டாள்.

“அத்தை, இதை நீங்க தொட்டுத் தேய்ச்சீங்களா?”

அந்த இடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. மாமியார் சுவரோடு ஒட்டி நின்று கையை உயர்த்தினாள். குதிகாலைத் தூக்கி எக்கினாள். விரல் நுனி, தகடு பதித்த இடத்துக்கு வெகு கீழே கல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

“ஸ்டூல்ல ஏறியிருப்பீங்கன்னு...”

“இந்த முட்டி வலியை வச்சுக்கிட்டா? பஸ் படி ஏறவே கண்டக்டர் கை குடுக்கணும்.” மாமியார் கையை இறக்கினாள். “எட்டுனா தொட்டிருப்பேன். எட்டல. அவ்வளவுதான்.”

“அப்ப வேற யாரு?”

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து நேராகப் பார்க்கிறாள்.

“நீ ஏறித் துடை. நான் பாக்கறேன்.”

அவள் ஏறினாள். துணியில் பாலிஷைத் தொட்டுக்கொண்டு வரிசையின் முதல் பெயரைத் துடைத்தாள். அடுத்தது. அதற்கு அடுத்தது. பேருக்குப் பேர் ஒரே மாதிரிதான் துடைக்கிறோம், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். வீட்டுக் குழாய்க்கு வாஷர் வாங்க வேண்டும். இன்றைக்கே வாங்கிவிட்டால் நாளைக்கு ஆள் கூப்பிடலாம். அந்த ஆள் வந்தால் அப்படியே ஜன்னல் கொக்கியையும்...

“இன்னும் அங்கேயேதான் நிக்கற” என்றது கீழேயிருந்து குரல்.

அவள் கையைப் பார்த்தாள். துணி அவன் பெயரின்மேல் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த பெயரில் நேற்றைய மங்கல் அப்படியே இருந்தது. பாலிஷ் எப்போதோ காய்ந்துபோய், வெறும் துணி தேய்த்துக்கொண்டிருந்தது. நிறுத்து என்று நினைத்த பிறகும் கை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நின்றது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இறங்கக் காலை நீட்டியதும் ஸ்டூல் கடகடவென்று ஆடியது. மாமியார் இரண்டு கையாலும் அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்து இறங்கு.”

இறங்கி நின்றாள். இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மாமியார் அவள் கையிலிருந்த துணியை வாங்கிப் பார்த்தாள். பித்தளைக் கறுப்பு அப்பியிருந்த அந்த அழுக்குத் துணியை நான்காக மடித்து, முகத்தருகே ஒரு நொடி வைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

விசில் வேகமாக வந்தார். “என்னம்மா, கேட்டியா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். “நான்தான் தம்பி தேய்ச்சேன். இவளுக்குத் தெரியாது. இவ வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது. இனிமே நான் வரல.”

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். விசில் ஜெயித்த முகத்தோடு நின்றார்.

அவள் மாமியாரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். பாலிஷ் கறை அந்தக் கையிலும் ஒட்டியது.

“அத்தைக்கு அது எட்டாது சார். நான்தான்” என்றாள். “தெரியாமத்தான் செஞ்சேன்.”

“தெரிஞ்சிடுச்சுல்ல, இனிமே செய்யாதே” என்றார் விசில்.

அவள் மேலே பார்த்தாள். எழுத்து போய், வெறும் பளபளப்பாக இருந்தது அவன் இடம்.

“முடியாதுன்னு நினைக்கறேன் சார். புதுத் தகடு போட்டாலும் அதையும் தேய்ச்சிடுவேன்.”