பத்தொன்பது நாள் மழை

மூன்றாவது கறுப்புப் பையின் வாயை டார்லீன் இறுக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு விர்ஜில் கையில் தட்டோடு படியிறங்கி வந்தார். மேலே, அவளுடைய அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த கூட்டம் பன்றி இறைச்சி சாண்ட்விச் தின்று துக்கத்தை ஆற்றிக்கொண்டிருந்தது. கீழறையில் அப்பாவின் வாழ்நாள் சாதனை குப்பைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

சாதனை இதுதான். 1954 பேஸ்பால் இறுதித் தொடரில் கிளீவ்லாந்து அணி நியூயார்க்கிடம் வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றது. அப்போது எல்மர் ஹுருஷ்காவுக்கு ஒன்பது வயது. மற்ற பிள்ளைகள் இரண்டு நாள் அழுதுவிட்டு மறந்தார்கள். எல்மர் மறக்கவில்லை. டயர் ஆலை அவரை வீட்டுக்கு அனுப்பியதும் அட்டைகளும் பகடைகளும் அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிவந்து, வரலாற்றைத் திருத்த உட்கார்ந்தார். ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை. அந்த வருடம் அவன் ஆடிய லட்சணம் அதில் எண்களாக இருக்கும். பகடை விழும் எண்ணை அட்டையில் தேடினால் அடித்தானா, அவுட்டா என்று தெரியும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, அந்தந்தத் தேதி ஆட்டம் அந்தந்தத் தேதியில்; முடிவுகள் வருடத்துக்கு ஒரு நோட்டில். எதிரணிகளுக்கெல்லாம் உருட்டுவது விர்ஜில். வரலாறு ஒரே ஒரு முறை தோற்கடித்த அணியை இருவரும் சேர்ந்து இருபத்தொரு வருடத்தில் இருபத்தொரு முறை தோற்கடித்திருந்தார்கள்.

"அந்த மேசையை மட்டும் தொடாத, டார்லி."

"ஏன், அட்டைங்க பயந்து ஓடிடுமா?"

"ஏழாவது ஆட்டம்மா, இறுதித் தொடர்ல கடைசி. இதை ஜெயிக்கிறவனுக்குத்தான் கோப்பை. கடைசி இன்னிங்ஸ், ரெண்டு அவுட். ஒரு ஓட்டம் கம்மி, பேஸ்ல ரெண்டு பேர் நிக்கிறாங்க. இத்தனை வருஷத்துல இவ்வளவு கிட்ட வந்ததே இல்ல. காபி ஊத்திட்டு வந்து உருட்டுறேன்னு படியேறினான் உங்கப்பன்."

காபிக்கு முன்னால் மாரடைப்பு முந்திக்கொண்டது.

"நின்ன ஆட்டத்தை மூணு நாளுக்குள்ள முடிக்கணும். இன்னிக்கு மூணாவது நாள். முடிக்கலன்னா நிறுத்தினவன் தோத்தான். நீ அவன் ரத்தம், நீ உருட்டலாம். விதி இருக்கு."

"விதி எழுதினது யாரு?"

"நாங்க ரெண்டு பேருந்தான்."

"இப்ப நீங்க ஒருத்தர்தானே மிச்சம்? மாத்திக்கோங்க."

பாதிரியாரிடம் பைபிளைத் திருத்தச் சொன்னவளைப் பார்ப்பதுபோல விர்ஜில் அவளைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து இரண்டு பகடைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்த மனிதர் சாவு வீட்டுக்குப் பகடையோடு வந்திருக்கிறார்!

"அம்மாவைப் புதைச்ச அன்னிக்கும் இதே கூத்துதான்," என்றாள். "கோட்டைக்கூடக் கழட்டாம இங்க வந்து உக்காந்தாரு. கண்ணுல ஒரு சொட்டு இல்ல. மூணு வாரம். சாப்பாட்டுக்கு நான் படியில நின்னு கத்தணும். பொண்டாட்டி செத்திருக்கா, இவரு எவன் ஓட்டம் எடுத்தான்னு பாத்துக்கிட்டிருக்காரு!"

விர்ஜில் மெல்வதை நிறுத்தினார்.

"அந்த ஜூன்லயா? அந்த ஜூன்ல எங்க ஆடினான்?" அவர் குரலில் ஒன்பது வருடத்துக் கோபம் புத்தம்புதிதாக இருந்தது. "மழைன்னு எழுதி வெச்சான்! பத்தொன்பது நாளு! மழை பெஞ்சா ஆட்டம் தள்ளிப்போகும், நாள் கணக்கும் நிக்கும், சரி. ஆனா மழைக்கும் பகடை உருட்டணும். உருட்டவே இல்ல. சும்மா எழுதிட்டான். ஓஹையோல எந்த ஜூன்ல விடாம பத்தொன்பது நாள் பெஞ்சிருக்கு, சொல்லு? ஜூலைல ஒரே நாள்ல ரெண்டு ரெண்டு ஆட்டம் ஆடி என் இடுப்பு போச்சு. ஆறு மாசம் அவன்கூட நான் பேசல."

"ஆடாம இருந்தீங்களா?"

"அது எப்படி? பேசாம ஆடினோம்."

டார்லீன் இரண்டாவது பையின் முடிச்சை அவிழ்த்தாள். 2014 நோட்டு நடுவில் கிடந்தது. அம்மா போனது ஜூன் இரண்டு.

ஜூன் 3, மழை. ஜூன் 4, மழை. ஜூன் 5, மழை. பதினோராம் தேதியில் பென்சில் தாளைக் கிழித்திருந்தது. இருபத்தொன்று, மழை. இருபத்திரண்டாம் தேதி ஆட்டம் நடந்திருந்தது. கிளீவ்லாந்து இரண்டு, எதிரணி பதினொன்று.

"கிறுக்கு," என்றாள். விர்ஜிலைப் பார்த்துச் சொல்லவில்லை.

"சும்மா வர்ற ஜெயிப்பு எனக்கு வேணாம்மா," என்றார் அவர், பகடைகளை அவள் பக்கம் தள்ளி. "ஒரு தடவை. உருட்டிடு."

அவள் பகடைகளைத் தொடவில்லை. மேசைமேல் திறந்து கிடந்த இந்த வருட நோட்டை இழுத்தாள். அதன் மடிப்பில் அப்பா கடித்துத் துப்பிய பென்சில் துண்டு ஒன்று செருகியிருந்தது. அன்றைய தேதிக்கு நேராக ஒரே ஒரு சொல்லை எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

விர்ஜில் அதைப் படித்தார். பிறகு மேலே இருந்த சின்னச் சன்னலைப் பார்த்தார். அக்டோபர் வெயில் கண்ணாடியைப் பிளந்துகொண்டு வந்து பகடைகள்மேல் விழுந்திருந்தது.

அவர் விதி எதையும் சொல்லவில்லை. பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டார். கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வழுக்கும் படியில் ஏறுகிறவர்போல் பார்த்துப் பார்த்து ஏறினார்.